சப்பரத்தின் பின்பக்கத்துப் பூக்கள்

முத்துமாரியம்மாள் காகிதப் பூ பழக வந்த முதல் நாள், கையில் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்திருந்தாள். முழங்கை நீளம், கறுத்துப்போன இரும்பு. சமுதாயக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே காலை வைத்ததும், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏட்டி கிட்ணவேணி, இத யாரு கூப்ட்டது?" என்று என்னைக் கேட்டாள் யோகலட்சுமி. மகளிர் குழுத் தலைவி. கேள்வி என்னிடம், பார்வை வாசலில்.

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துமாரியம்மாளே பதில் சொன்னாள்.

"யாரு கூப்பிடணும்? சர்க்காரு கட்டுன கட்டடம். ஒம் புருசன் கொத்தனார் வச்சுக் கட்டுனானா?"

"கையில என்னது? அது ஆட்டு மசுரு கத்தரிக்கதுலா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, சிரிப்பு கிளம்பியது.

"ஆமா. ஆட்டு மசுரும் கத்தரிக்கும். நீளமா இருந்தா நாக்கையும் கத்தரிக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அங்கே டீச்சர்.

அது 2004. வரலாறு பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்று அம்மா அப்பாவோடு நானும் நம்பியிருந்தேன். வந்தது கோவில்பட்டித் தொண்டு நிறுவனம் ஒன்றின் சில வாரப் பயிற்சி வேலை மட்டும். கிராமத்துப் பெண்களுக்குக் காகிதப் பூ செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். சின்ன வயதில் நான் கற்றிருந்த ஒரே கைத்தொழில் அது. வரலாற்றுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"வாசல் பக்கம் இடமிருக்கு அத்தை, உட்காருங்க" என்றேன்.

அந்த இடம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அவளையும் விரட்டவில்லை, யோகலட்சுமியையும் பகைத்துக்கொள்ளவில்லை என்று அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நியாயம் என்று சொல்லலாமா, பயம் என்று சொல்லலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்தும் கம்பும், பெய்யாவிட்டால் தீப்பெட்டி. பெய்தாலும் தீப்பெட்டிதான். வீட்டுக்கு வீடு பெண்கள் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கான கட்டுகளை யோகலட்சுமியின் புருஷன் லிங்கராஜ் அண்ணாச்சிதான் கொண்டுவந்து இறக்குவார். தாள், அட்டை, பசை காய்ச்ச மைதா, பசையில் போடும் மயில்துத்தம் எல்லாம் அவர் வண்டியில்தான் வரும். அவர் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால், அந்த வீட்டுக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

முத்துமாரியம்மாள் வீட்டை அவர் பத்து வருடமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். ஊர் ஓரத்தில் லிங்கராஜ் அண்ணாச்சி ஒரு ஷெட்டை நடத்திவந்தார். மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலை. பெரிய பொம்பளைகளை விடச் சின்னப் பிள்ளைகளின் விரல்தான் அதற்குத் தோது என்று சொல்லிப் பிள்ளைகளைத்தான் அதிகம் வைத்திருந்தார். ஒருநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஜீப்பின் புழுதி தெரிந்ததுமே எங்களையெல்லாம் எழுப்பி, குச்சி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். ஆமாம், எங்களை. நானும் அதில் ஒருத்தி. மூச்சு விடக்கூடாது என்றார்கள், விடாமல்தான் இருந்தோம். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பப் போனார். அப்போது அங்கே வேலையிலிருந்த முத்துமாரியம்மாள், யாரும் கேட்காமலே, "மூட்டைக்குப் பின்னால போய்ப் பாருங்க சார்" என்று சொன்னாள்.

ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். லிங்கராஜ் அண்ணாச்சி கேஸுக்கு அலைந்தார். ஊருக்குக் கட்டு வருவதும் பல மாதம் நின்றுபோனது. அடுப்பு எரியாத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. எங்களைக் கூட்டிக்கொண்டு போய், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எனக்குக் காகிதப் பூ தெரிந்தது அங்கேதான். அங்கிருந்து பெரிய பள்ளிக்கூடம், ஹாஸ்டல், காலேஜ்.

அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நான் படித்தேன் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். "நாம பட்டினி கெடந்தது அவளாலதான்" என்பாள். அதுவும் உண்மை.

ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. அம்மன் பொங்கலுக்கு அவள் வீட்டு வரியை வாங்க மறுத்தது. வரி இல்லாத வீட்டுக்குச் சாமி காரியத்தில் இடமில்லை. பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரம் ஊரைச் சுற்றும்போது வரி வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, தேங்காய் உடைத்துத் திருநீறு கொடுத்துவிட்டுத்தான் நகரும். அவள் வாசலில் மட்டும் நிற்காது. தூக்குகிறவர்கள் அந்த இடத்தில் வேண்டுமென்றே எட்டி நடப்பார்கள். மேளக்காரர்கள் அடியைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் அவள் தேங்காய்த் தட்டோடு வாசலில் நிற்பாள், சப்பரம் போன பிறகு தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்பாள்.

அவளுக்காக இரக்கப்படுவதும் லேசான காரியம் இல்லை. வாய் அப்படி. பக்கத்து வீட்டுக் கோழி அவள் வாசலில் மேய்ந்தால் கோழிக்கும் வசவு, கோழிக்காரிக்கும் வசவு. நான் பன்னிரண்டாவது பாஸானபோது தெருவில் நிறுத்தி, "பாஸாயிட்டியாமே? இனி காலு தரையில படாதோ?" என்று கேட்டாள். வாழ்த்துக்குக் காத்திருந்த எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

இப்படிப்பட்டவள்தான் வாசலோரம் சம்மணம் போட்டு, ஆட்டுக் கத்தரியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

காகிதப் பூவில் முதலில் பழக வேண்டியது தாளின் சுருக்கத்தை. கிரேப் பேப்பரில் கோடு கோடாகச் சுருக்கம் ஓடும். அந்தக் கோடு இதழில் மேலிருந்து கீழாக வரும்படி வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் இழுத்தாலும் விரியாது. வெட்டிய இதழின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக இழுத்தால் குழி விழும். ஓரத்தை ஈர்க்குச்சியில் சுருட்டிவிட்டால் மலர்ந்த மாதிரி மடங்கும். பிறகு இதழின் அடியில் பசை தொட்டு, கம்பியைச் சுற்றி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவு என்று சொல்வது எனக்குச் சுலபம். வருஷக்கணக்காகப் பெட்டி ஒட்டியவர்கள் தாளைக் கண்டதும் மடிப்பார்கள், மடித்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்ப்பார்கள். முதல் வாரத்தில் யோகலட்சுமி செய்த ரோஜாவுக்கு நான்கு மூலை இருந்தது.

"இதுக்குள்ள குச்சியப் போட்டா கம்பெனிக்கே அனுப்பிரலாம்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

முத்துமாரியம்மாளின் பூவைப் பார்த்தும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. ஆட்டுக் கத்தரியில் இதழ் நேராக வராது, கடித்துத் துப்பிய மாதிரி வரும்.

"ஏட்டி, இது என்ன பூ? கருவாட்டு ரோசாவா?" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"ஆமா, ஒஞ் சடங்குக்குச் சூடுன பூ. மறந்துட்டியா?"

என்னுடைய கத்தரியை அவளிடம் நீட்டினேன். "எனக்கு என் சாமான் போதும்" என்று தள்ளிவிட்டாள். வகுப்பு முடிகிற வரைக்கும் அந்தக் கத்தரியில்தான் வெட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பூ என்று சொல்லும் அளவுக்கு வந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன்.

பொங்கல் நெருங்கியது. வழக்கமாகச் சப்பரத்துக்குக் காகிதப் பூ கோவில்பட்டிக் கடையிலிருந்து வரும். அந்த வருடம் ஊர்த் தலைவர் மாடக்கண்ணுப் பெரியப்பா கூடத்துக்கு வந்து, பெண்கள் செய்துவைத்திருந்த பூக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையே கட்டிருவோம். வெளிய வாங்குவானேன்" என்றார். யோகலட்சுமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. லிங்கராஜ் அண்ணாச்சியும் கூட வந்திருந்தார்.

வாசல் ஓரத்திலிருந்து குரல் வந்தது. "தலைவரே, சப்பரத்துல எனக்கும் ஒரு பக்கம் வேணும்."

மாடக்கண்ணுப் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். ஊரே பேசாத பொம்பளைக்கு ஊர்த் தலைவர் பதில் சொல்லலாமா என்று அவருக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும். லிங்கராஜ் அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார்.

"பெரியப்பா, வரியில்லாத வீட்டுப் பொருள் சாமி மேல ஏறலாமா? அப்படி ஏறிட்டா அது வரி வீடா ஆயிருமே."

"அதுக்குத்தானல கேக்கேன்" என்றாள் முத்துமாரியம்மாள். "மறைச்சா கேக்கேன்? என் பூவு ஏறணும். வரிய வாங்கணும். சப்பரம் எம் வாசல்ல நிக்கணும்."

"ஆசையப் பாரு. ஊரப் பட்டினி போட்டவளுக்குச் சாமி நிக்கணுமாம்."

"பிள்ளைகள மூட்டைக்குப் பின்னால ஒளிச்சவன் வீட்டுல சாமி நிக்கே. எம் வீட்டுல நின்னா அதுக்குக் காலு சுளுக்கிருமோ?"

அடிதடி ஆகிவிடும் என்று நினைத்தேன். மாடக்கண்ணுப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் ஒரு பிரச்சினையை ஒத்திவைக்கப் போகிறார் என்றால் அப்படித்தான் செய்வார்.

"சப்பரத்துக்குப் பின்பக்கம் அவ செய்யட்டும். பூவு நல்லா இருந்தா ஏத்துவோம், வரியும் வாங்கிக்கிடுவோம். நல்லா இல்லைன்னா அதோட பேச்சு முடிஞ்சுது. சரிதானா?"

லிங்கராஜ் அண்ணாச்சி அவள் முன்னாலிருந்த பூவை எட்டிப் பார்த்தார். கடித்துத் துப்பிய இதழ்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி பெரியப்பா. பின்பக்கந்தானே? செய்யட்டும், செய்யட்டும்."

எல்லோரும் வீட்டிலிருந்து செய்துகொண்டு வருவதாக ஏற்பாடு. முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் குழுப் பெண்கள் வெள்ளைத் தாமரையும் ரோஜாவும் செய்வார்கள். பின்பக்கத்துக்கு முத்துமாரியம்மாள் தனியாக வெள்ளையிலும் சிவப்பிலும் செய்ய வேண்டும். வகுப்புக்கு நான் கொண்டுவந்திருந்த பசை டப்பாக்கள் தீர்ந்திருந்தன. வீட்டில் இருக்கும் பசையை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். பசை இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது?

ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். போவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன், பார்த்துவிட்டார்கள். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். புருஷன் சீனி மாமா ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தார். ஒரு தட்டில் பழைய சோற்றைக் கட்டைவிரலால் நசுக்கி மாவாக்கி, அதைத் தொட்டு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தாள். இளங்குட்டி ஒன்று பக்கத்தில் நின்று எதையோ மென்றது. வாயோரத்தில் சிவப்புத் தாள் தொங்கியது.

"ஐயோ அத்தை, பூவத் தின்னுது!"

"சோத்து ருசி கண்ட சவம். நாலு பூவு தின்னுட்டு. ஏய், போ அங்கிட்டு!" என்று குட்டியின் முதுகில் ஒன்று போட்டாள். "என்ன டீச்சர், வேவு பாக்க வந்தியா?"

"இல்ல, உதவிக்கு வந்தேன்."

"உதவியா? வெட்டவா, ஒட்டவா? ரெண்டும் நான் செய்யுதேன். நீ நோட்டம் பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். ரோஜா ஓரம் இன்னும் பிசிறாகத்தான் இருந்தது. ஆனால் இதழ்க் குழி சரியாக விழுந்திருந்தது. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"அத்தை, அன்னைக்கு ஜீப்பு வந்தப்ப, எங்களுக்காகத்தானே சொன்னீங்க?"

அவள் கை நிற்கவில்லை. "எங்களுக்குன்னா யாருக்கு?"

"மூட்டைக்குப் பின்னால இருந்த பிள்ளைகளுக்கு. எனக்கு."

"உனக்கா?" நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ அங்கன இருந்ததே எனக்குத் தெரியாதுட்டி. அன்னைக்குக் காலையில லிங்கராசு நான் அடுக்கி வச்ச சட்டத்தக் காலால எத்தி விட்டான். கோணலா இருக்காம். அத்தனை பேருக்கு முன்னால. நான் குனிஞ்சு ஒவ்வொரு குச்சியாப் பொறுக்குதேன், அவன் நின்னு சிரிக்கான். சாயங்காலத்துக்குள்ள இவனை ஏதாவது செய்யணும்னு இருந்தேன். ஜீப்பு வந்துச்சு. சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"பின்ன என்ன? பிள்ளைகள்லாம் பாவம்னு அழுதுகிட்டே சொன்னேன்னு எழுதிக்கோ. படிச்சவதானே நீ."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலேஜில் என் தோழிகளிடம் இவளைப் பற்றி வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெண், யாருக்கும் பயப்படாமல், பிள்ளைகளுக்காக. அந்தக் கதையில் உதைபட்ட சட்டம் கிடையாது. அவள் ஆத்திரத்தில் செய்தாள் என்றால், என் படிப்புக்கு என்ன பெயர்? யாரோ யாரையோ பழிவாங்கியதில் தெறித்து விழுந்த மிச்சமா நான்? வீட்டுக்கு நடந்து போகும்போது இதையே நினைத்தேன்.

சப்பரம் கிளம்ப இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, எல்லோரும் பூக்களைக் கூடைகளில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். பசை ஈரம் காயட்டும் என்று கூடைகளைத் திறந்தே வைத்தோம். முத்துமாரியம்மாளின் கூடையை யோகலட்சுமி காலால் நகர்த்தி மூலையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கூடத்தைத் திறந்தவள் யோகலட்சுமிதான். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

வெள்ளைத் தாமரைகளின் அடியிலெல்லாம் நீலம் பூத்திருந்தது. சில இதழ்களில் அது பச்சையாக ஓடி, மேலே வரைக்கும் திட்டுத் திட்டாகப் பரவியிருந்தது. கம்பி சேரும் கழுத்தில் செம்பு நிறத்தில் கறை. ரோஜாக்கள் அடிபட்டுக் கன்றிப்போனவை மாதிரி இருந்தன. ஒரு கூடை மிச்சமில்லை. மூலையில் இருந்த ஒரு கூடையைத் தவிர.

"செஞ்சுட்டாளே! பாவி செஞ்சுட்டாளே! எங்க பூவுல என்னத்தையோ தெளிச்சுட்டாளே!"

"சாமி காரியத்துல விசம் வச்சுட்டா!"

"அவள இழுத்துட்டு வாங்கலே!"

இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே வந்து நின்றாள். வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தாள், பூக்களைப் பார்த்தாள். அவள் முகத்திலும் ஆச்சரியம்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை.

"நான் தெளிச்சேனா? கூடத்துச் சாவி யாரு மடியில கெடக்கு?"

"சாவி என்ன, ஜன்னல் இல்லையா?" என்றார் லிங்கராஜ் அண்ணாச்சி. "அன்னைக்கு ஊரக் கெடுத்தா, இன்னைக்குச் சாமியக் கெடுத்துட்டா. இனிமே இவள ஊருக்குள்ளயே வச்சிருக்கக்கூடாது பெரியப்பா."

மாடக்கண்ணுப் பெரியப்பா ஒரு தாமரையைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அந்த நீலத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று, கம்பி வாங்கி வைத்திருந்த பையை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஊரே கத்திக்கொண்டிருந்தாலும் அன்றைய கட்டு அன்றைக்குத் தீர வேண்டும். மைதா கொதித்து வந்ததும், மாடத்திலிருந்து ஒரு நீலக் கட்டியை எடுத்துப் பசைக்குள் போட்டுக் கிண்டினாள். பசை இளநீலமாக மாறியது.

மயில்துத்தம். எலியும் கரப்பானும் பெட்டியைத் தின்னாமல் இருக்கப் போடுவது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பசை என்றால் துத்தம் போட்டதுதான். துத்தம் போடாமல் காய்ச்சுவது உப்புப் போடாமல் குழம்பு வைப்பது மாதிரி. சிவப்பும் மஞ்சளுமாக லேபிள் ஒட்டிய பெட்டியில் அந்த நீலம் தெரியாது. வெள்ளைத் தாளில் காயக் காயத் தெரியும். இரும்புக் கம்பியில் பட்டால் அதையும் அரிக்கும்.

கொதிக்கிற சட்டியைத் துணியில் பிடித்தபடி கூடத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா பின்னாலேயே, "ஏட்டி, சட்டிய எங்க தூக்கிட்டுப் போற, உனக்குப் பைத்தியமா" என்று கத்திக்கொண்டு வந்தாள். எல்லோர் முன்னாலும் சட்டியை இறக்கி, ஒரு வெள்ளை இதழை அதில் தொட்டு எடுத்துக் காட்டினேன்.

யோகலட்சுமி அந்த இதழை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப, எங்க தப்புங்கியா?"

"தப்புன்னு இல்ல மதினி. கைப்பழக்கம்."

"சரி. அப்ப அவ பூவு மட்டும் எப்படிக் கறைப்படாம இருக்கு? அவ கை மட்டும் வானத்துல இருந்து வந்துச்சா?"

"அவிய வீட்டுல துத்தம் ஏது மதினி? அண்ணாச்சிதான் பத்து வருசமாக் கட்டே போடலையே."

இதைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. லிங்கராஜ் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், எங்கள் வீட்டுக்கும் இனிக் கட்டு வராது என்று எழுதியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"பின்ன எதுல ஒட்டுனா?" என்று விடாமல் கேட்டாள் யோகலட்சுமி.

"சோத்துல" என்றாள் முத்துமாரியம்மாள்.

"சோத்துலயா! பாத்தீங்களா பெரியப்பா, எச்சிச் சோத்த ஒட்டிச் சாமிக்குப் பூவு செஞ்சிருக்கா!"

"எச்சின்னு நீ கண்டியா? மைதா மட்டும் பச்சையாவா ஒட்டுத? அதையும் அடுப்புல வேகத்தானே வைக்க."

மாடக்கண்ணுப் பெரியப்பா துண்டை உதறினார். ஒத்திவைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார். கோவில்பட்டிக்குப் போய்க் கடைப் பூ வாங்கி வருவதாக லிங்கராஜ் அண்ணாச்சி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பங்குனி மாதம், எல்லா ஊரிலும் பொங்கல். கடையில் தொங்கவிட்டிருந்த மாதிரிப் பூவைக்கூட யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். புதிதாகச் செய்ய கிரேப் தாளும் தீர்ந்திருந்தது. அதற்குள், அம்மன் முகம் சுளித்துவிட்டாள், அதனால்தான் பூ நீலம் பாரித்துவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. மாடக்கண்ணுப் பெரியப்பா பயந்துவிட்டார்.

"யம்மா முத்துமாரி" என்றார். பத்து வருடத்தில் அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "ஒம் பூவ முன்பக்கம் கட்டிருவோம். பின்பக்கம் வெறுமனே கெடக்கட்டும். சாமிக்கு முகந்தானே முக்கியம்."

"வரி?"

"வாங்கிக்கிடுதோம்."

"இப்பவே, எல்லாருக்கும் முன்னால."

வாங்கினார். யோகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிங்கராஜ் அண்ணாச்சி காறித் துப்பினார்.

"சரி, கூடைய எடுங்கலே. முன்னால கட்டுங்க" என்றார் பெரியப்பா.

"அது முடியாது" என்றாள் முத்துமாரியம்மாள்.

"என்னது?"

"பின்பக்கம்னு சொன்னீங்க. பின்பக்கத்துக்குன்னு செஞ்சேன். பின்பக்கந்தான் ஏறும். முன்னுக்கு உங்க பொம்பளைக செஞ்சதக் கட்டுங்க."

"சாமி மொகம் அலங்கோலமா இருக்குமேம்மா!"

"அத நானா செஞ்சேன்?"

நான்கூடக் கெஞ்சிப் பார்த்தேன். "அத்தை, வரிதான் வாங்கியாச்சுல்லா. கொஞ்சம் விட்டுக் கொடுங்க."

"நீ யாரு பக்கம்ட்டி?" என்று கேட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. முன்பக்கத்துக் கறையை மறைக்க நாங்கள் வேப்பிலையைக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தோம். பூவை விட இலைதான் அதிகம். இலைகளுக்கு நடுவே அங்கங்கே நீலம் எட்டிப் பார்த்தது. பின்பக்கம் மட்டும் வெள்ளையும் சிவப்புமாக, பிசிறு இதழ்களோடு, கறையில்லாமல் நிறைந்திருந்தது. சப்பரம் எதிரே வரும்போது ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள். தாண்டிப் போன பிறகு நின்று பார்த்தார்கள்.

அவள் தெருவுக்குள் சப்பரம் திரும்பியது. அவள் தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்றாள், பக்கத்தில் சீனி மாமா. சப்பரம் தூக்கியவர்களில் முன்வரிசையில் லிங்கராஜ் அண்ணாச்சி. வழக்கம்போல மேளம் அடியைக் கூட்டியது. தூக்கியவர்கள் எட்டி வைக்கப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்கலே" என்றார் மாடக்கண்ணுப் பெரியப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேளம் நின்றது. சப்பரமும் நின்றது.

பூசாரி தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், அவள் நெற்றியில் திருநீறு பூசினார். மற்ற வாசல்களில் கொட்டிய மேளம் இங்கே கொட்டவில்லை, குலவைச் சத்தமும் கிடையாது. தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூசாரி நகர்ந்ததும் பெரியப்பா, "போவோம், போவோம்" என்றார்.

"நில்லுங்க" என்றாள் முத்துமாரியம்மாள்.

தட்டைச் சீனி மாமா கையில் கொடுத்துவிட்டு, சப்பரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அண்ணாந்து பார்த்தாள். கீழ்வரிசையில் ஒரு பூ தலை தொங்கியிருந்தது. அதை நிமிர்த்தினாள். பக்கத்துப் பூவின் இதழை இரண்டு கட்டைவிரலால் இழுத்து விரித்தாள். பிறகு அடுத்ததை. அவசரமே இல்லை.

"தோள் இத்துப் போகுது. என்ன செய்யுதா அங்கன?" என்று முன்னாலிருந்து லிங்கராஜ் அண்ணாச்சி கத்தினார். தலையைத் திருப்ப முடியாமல் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

"பத்து வருசமா நிக்காமப் போன சாமி" என்றாள் அவள், யாருக்கும் சொல்லாத மாதிரி. "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அப்புறம் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். "ஏட்டி டீச்சர், கம்பி கொண்டாந்தியா? இந்தப் பூவு கழலுது."

அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். ஊரே நின்றது. பைக்குள் கம்பி இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

கம்பியை வாங்கிப் பல்லில் கடித்து வளைத்தவள், "இது மொத்தக் கம்பி. மெல்லிசாக் கொண்டாரத் தெரியாதா உனக்கு?" என்றாள்.